ஊசிக்கும் ஜடெலுக்கும் பிறகு வரும் சொட்டுப்போக்கு: உள்ளே நடப்பதும் நீங்கள் செய்ய வேண்டியதும்

கர்ப்பம் தங்காமலிருக்க மூன்று மாத ஊசி போட்ட பிறகோ, மேல்கையில் ஜடெல் குச்சிகள் வைத்த பிறகோ, கணக்கில்லாத நாட்களில் கறை படுவது மிகச் சாதாரணம். இந்த முறைகளைப் பெண்கள் இடையில் விட்டுவிடுவதற்கு பல நாடுகளிலும் சொல்லும் முக்கிய காரணமும் இதுதான். எங்கள் திருகோணமலைப் பக்கத்தில் இதற்கு மூன்று விளக்கங்கள் தயாராக இருக்கும்: கெட்ட இரத்தம் உள்ளே தங்கிவிட்டது, ஊசி சூடு, கருப்பையில் புண். மூன்றும் சரியில்லை. கருப்பையின் உட்சுவரில் புதிதாக முளைத்த, சுவர் மெலிந்த நுண்குழாய்கள்தான் கசிகின்றன. இது விளங்கினால் எந்தக் குளிசை உதவும், எது வீண், எவ்வளவு நாள் பொறுக்கலாம், எப்போது ஒரு மணித்தியாலம்கூடப் பொறுக்கக் கூடாது என்பதெல்லாம் தெளிவாகும். அதனால் முதலில் அந்தக் குழாய்களைப் பற்றி.

உட்சுவரில் குழாய்கள் வளரும் விதம்

வளர்ந்த ஒருவரின் உடம்பில் புதிய இரத்தக்குழாய் முளைப்பது அரிது. காயம் ஆறும்போது முளைக்கும். மற்றபடி இருப்பதை வைத்தே உடம்பு சமாளிக்கும். கருப்பையின் உட்சுவர் அப்படியல்ல. அது மாதாமாதம் உரிந்து, மாதாமாதம் குழாய்களோடு சேர்த்துத் திரும்பக் கட்டப்படுகிறது.

அந்தச் சுவருக்கு இரண்டு படைகள். கீழ்ப்படை உரியாது, அதற்கு இரத்தம் கொடுப்பவை குட்டையான நேர்க்குழாய்கள். மேற்படைதான் உரிந்து போவது. அதற்குள் ஏறுபவை சுருளாக வளைந்த நாடிகள். மாதப்போக்கு முடிந்த கையோடு சுவரின் தடிப்பு 1 முதல் 4 மில்லிமீற்றர்தான் இருக்கும். சூலகத்திலிருந்து வரும் ஈஸ்ட்ரோஜன் அதை இரண்டு கிழமைக்குள் 10 மில்லிமீற்றர் அளவுக்கு உயர்த்துகிறது. சுவர் உயர உயரக் குழாய்களும் முளைக்கின்றன. அவற்றை முளைக்கச் சொல்லும் புரதங்களில் முக்கியமானது வி.ஈ.ஜி.எஃப். முட்டை வெளியான பிறகு புரொஜெஸ்டரோன் பொறுப்பெடுக்கிறது. சுவர் தடிப்பதைவிட வேகமாக நாடிகள் நீளுவதால் அவை சுருள்கின்றன. வெளிப்புறத்தில் தசைப்படையும் சேர்ந்து பலப்படுகின்றன.

கரு தங்காவிட்டால் புரொஜெஸ்டரோன் சடுதியாக இறங்கும். சுருள்நாடிகள் இறுகும், மேற்படைக்கு ஒட்சிசன் போகாது, அது உரியும். இதைக் கண்ணால் பார்த்தவர் மார்க்கீ என்ற அமெரிக்க உடற்கூற்றியலாளர். குரங்கின் கருப்பைச் சுவரில் இருந்து சிறு துண்டுகளை எடுத்து அதே குரங்கின் கண்ணின் முன்னறையில் வளரவைத்து, கருவிழியின் ஊடாகவே சுருள்நாடிகள் இறுகுவதையும் இரத்தம் வருவதையும் பார்த்து 1940 இல் வெளியிட்டார். மாதவிடாய் பற்றி இன்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அந்த ஜன்னலால் தெரிந்ததுதான். ஒட்சிசன் குறைவது வி.ஈ.ஜி.எஃப். சுரப்பையும் தூண்டும் என்பது பிறகு தெரியவந்தது. அதனால் போக்கு இருக்கும் நாட்களிலேயே திருத்தவேலையும் தொடங்கிவிடுகிறது. நாடி இறுகுகிறது, இரத்தத் தட்டுகள் அடைக்கின்றன, திரும்பவும் ஈஸ்ட்ரோஜன் உயர்ந்து மேற்தோலை மூடுகிறது. வழமையான போக்கு 4, 5 நாளில் தானாக நிற்பது இதனால்தான்.

ஊசி இந்த ஒழுங்கை மாற்றுகிறது. 1 மில்லிலீற்றர் ஊசியில் 150 மில்லிகிராம் மெட்ரொக்சிபுரொஜெஸ்டரோன் இருக்கிறது. புரொஜெஸ்டரோன் குடும்பத்து மருந்து. ஜடெலின் இரண்டு குச்சிகளிலும் தலா 75 மில்லிகிராம் லெவொனொர்ஜெஸ்ட்ரல். அதுவும் அதே குடும்பம். இரண்டிலும் மருந்து நாள்தோறும் இருந்துகொண்டே இருக்கும். மாத முடிவில் சடுதியாக இறங்காது. ஆகவே ஒழுங்காக உரிதலும் இல்லை. சுருள்நாடிகள் முழுமையாக உருவாகாமல் நின்றுவிடுகின்றன. அவற்றுக்குப் பதிலாகச் சுவரின் மேற்பரப்பை ஒட்டி, அகன்ற, தோல் மெலிந்த நுண்குழாய்கள் கூடுகின்றன. அவற்றைத் தாங்கும் அடிச்சவ்வும் வெளிப்புறக் கலங்களும் குறைவு. கருப்பைக்குள் கமெரா விட்டுப் பார்த்தால் வெளிறிய சுவரில் குண்டூசித் தலையளவு சிவப்புப் புள்ளிகளும், பக்கத்தில் அகன்ற குழாய்களும் தெரியும். இன்று ஒரு புள்ளி கசியும், நாலு நாள் கழித்து வேறொன்று. நாட்கணக்கு இல்லாமல் வருவதன் காரணம் இது.

இதிலிருந்து ஒரு முடிவு நேரே வருகிறது. உள்ளே உரிந்து சேர்ந்த படை எதுவும் இல்லை. பலபேருக்குச் சுவர் 4 மில்லிமீற்றரைவிட மெலிந்துதான் இருக்கும். "தங்கின இரத்தத்தை வெளியே எடுக்க" டி.என்.சி. (கருப்பைச் சுவரைச் சுரண்டி எடுப்பது) செய்யச் சொல்லிக் கேட்டுப் போவதில் அர்த்தமில்லை.

போடுவதற்கு முன்பே

காரணம் தெரியாத இரத்தப்போக்கு ஏற்கனவே இருந்தால் ஊசியும் ஜடெலும் பிறகு. முதலில் காரணத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்; போட்டுவிட்டால் எது பழையது, எது மருந்தால் வந்தது என்று பிரிக்கவே முடியாது. கடைசி மூன்று மாதப் போக்குத் தேதிகளை எழுதி எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகக் கிளினிக்கிலோ உங்கள் பகுதி மிட்வைஃபிடமோ காட்டுங்கள். காக்காய் வலிப்புக்குக் கார்பமசெபின், ஃபெனிட்டொயின் எடுப்பவர்களும், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களும் அதை வாய்திறந்து சொல்ல வேண்டும். இவை ஜடெலின் மருந்தை ஈரலில் வேகமாக உடைத்துவிடும். போக்கும் குழம்பும், பாதுகாப்பும் குறையும். மூன்று மாத ஊசியை இவை பாதிப்பதில்லை.

ஊசி போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம், சுடுநீர் ஒத்தடமும் வேண்டாம். மருந்து தசைக்குள் மெதுவாகக் கரைய வேண்டியது. தேய்த்தால் வேகமாகப் போய்விடும்.

கொப்பியில் எழுதும் முறை

"கொஞ்சம் கொஞ்சமாக வருது மிஸ்" என்ற ஒரு வரியை வைத்து வைத்தியர் எதையும் முடிவுசெய்ய முடியாது. ஒரு கொப்பியில் நாளுக்கு ஒரு கட்டம் போடுங்கள். இரத்தம் இல்லாத நாளுக்குச் சுழியம். பேட் தேவைப்படாத கறைக்கு ஒரு புள்ளி. பேட் தேவைப்பட்ட நாளுக்கு எத்தனை பேட், ஒவ்வொன்றும் எவ்வளவு நனைந்தது.

நனைந்த அளவுக்கு உலகம் முழுக்கப் பாவிக்கும் புள்ளிமுறை ஒன்றுண்டு. லேசாகக் கறைபட்ட பேட்டுக்கு 1, நடுப்பகுதி நனைந்ததற்கு 5, முழுக்க ஊறியதற்கு 20. சிறிய இரத்தக்கட்டிக்கு 1, பெரியதற்கு 5. ஒரு தடவை போக்குத் தொடங்கி முடியும் வரை கூட்டி 100 ஐத் தாண்டினால் இழப்பு 80 மில்லிலீற்றரைக் கடந்திருக்கலாம் என்று எடுத்துக்கொள்வார்கள். இரத்தச்சோகை வருவது பெரும்பாலும் அந்த அளவுக்கு மேல்தான். உதாரணமாக, ஆறு நாளில் 3 பேட் முழுக்க ஊறி, 6 பேட் பாதி நனைந்து, 4 பேட் கறைபட்டிருந்தால் 60 + 30 + 4 = 94. எல்லைக்குக் கிட்ட, எச்.பி. (இரத்தத்தில் ஹீமோகுளோபின்) பார்க்க வேண்டிய அளவு.

துணி பாவிப்பவர்களுக்கு இந்தப் புள்ளிகள் பொருந்தாது. சமையலறைத் தராசு இருந்தால் உலர்ந்த துணியை ஒரு தடவை நிறுத்து எழுதி வையுங்கள். பாவித்ததை மெல்லிய பையில் போட்டு நிறுத்துக் கழியுங்கள். 1 கிராம் ஏறத்தாழ 1 மில்லிலீற்றர். அது முழுக்க இரத்தமல்ல, சுவரின் நீரும் சேர்ந்ததுதான். ஆனாலும் போன மாதத்தோடு ஒப்பிடப் போதும்.

நிறத்தையும் எழுதுங்கள்: சிவப்பா, கபிலமா, இளஞ்சிவப்பா. தாம்பத்திய உறவுக்குப் பிறகு வந்ததா, வயிற்றுவலி இருந்ததா என்பதையும்.

இந்தக் கொப்பிக்கு வேறொரு பயனும் உண்டு. சொட்டுக்கறை உள்ள நாளில் தொழலாமா, நோன்பு பிடிக்கலாமா என்ற கேள்வி கிண்ணியாவிலும் மூதூரிலும் பல பெண்களுக்கு மருந்தைவிடப் பெரிய கேள்வி. மௌலவியிடம் கேட்கும்போது ஊசிக்கு முன்பிருந்த வழமையான நாட்கள், இப்போதைய நாட்கள், நிறம் ஆகியவற்றைத்தான் அவர் கேட்பார். கோயிலுக்குப் போக முடியவில்லை என்று ஊசியை விடுபவர்களும் இருக்கிறார்கள். இந்தக் காரணங்களைக் கிளினிக்கில் மறைக்க வேண்டாம். சின்னக் காரணம் என்று யாராவது சொன்னால் அது அவர்களுடைய பிழை. திருவிழாவோ நோன்போ கிட்ட இருந்தால், முதல் ஊசியை அது முடிந்த பிறகு தொடங்குவது பற்றிக் கேட்கலாம். அதுவரைக்கும் ஆணுறை இருக்கிறது.

எவ்வளவு நாள் பொறுக்கலாம்

ஊசியில் முதல் 3 முதல் 6 மாதம் தாறுமாறாக வருவது எதிர்பார்த்ததே. தொடர்ந்து போட்டால் சுவர் மேலும் மெலிந்து, ஒரு வருடமாகும்போது ஏறத்தாழ அரைவாசிப் பேருக்குப் போக்கு நின்றுவிடும். அப்படி நிற்பதும் தீங்கல்ல. உரிவதற்கு எதுவும் இல்லாததால் வெளியே வர எதுவும் இல்லை. ஜடெலில் முதல் வருடம் ஒழுங்கின்மை கூட, பிறகு குறையும். நாட்கள் நீண்டாலும் அளவு பெரும்பாலும் குறைவு. கொப்பியில் புள்ளிகள் மட்டும் சிதறிக் கிடந்து, வலியோ மணமோ இல்லாமல், ஊசித் தேதியும் தவறாமல் இருந்தால் மருந்து தேவையில்லை.

வழமையான போக்கைப்போல் இருமடங்கு வந்தால், அல்லது 8 நாளுக்கு மேல் இழுத்தால், பொறுப்பதை விட்டுக் கிளினிக்குக்குப் போங்கள்.

குளிசைக்கு முன் பார்க்க வேண்டியவை

முதலாவது கர்ப்பம். ஊசி பிந்தியிருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை செய்யாமல் எந்தக் குளிசையும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் 4 கிழமை வரையான பிந்தலை அனுமதிக்கிறது. அதைச் சாட்டாக வைத்துக்கொள்ளாமல் கார்ட்டில் எழுதிய நாளையே பிடியுங்கள். ஜடெல் இருக்கும்போது கரு தங்குவது மிக அரிது. தங்கினால் கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கும் வாய்ப்பை மறக்கக் கூடாது. ஒருபக்க அடிவயிற்று வலியும், தலைச்சுற்றும், கறையும் சேர்ந்து வந்தால் அது அவசரம்.

இரண்டாவது தொற்று: மணமான வெள்ளைபடுதல், காய்ச்சல், அடிவயிற்றில் அமத்தினால் நோ. மூன்றாவது கருப்பைக் கழுத்து. உறவுக்குப் பிறகு வரும் இரத்தத்தை ஊசியின் தலையில் கட்டிவிட்டு இருக்கக் கூடாது; ஸ்பெகியூலம் (யோனியை விரித்துப் பார்க்கும் கருவி) வைத்துக் கண்ணால் பார்க்க வேண்டும். 35 வயதானவர்கள் வெல் வுமன் கிளினிக் பரிசோதனையைத் தள்ளிப்போட்டிருந்தால் இதுதான் நேரம்.

நான்காவதை எங்கள் மாவட்டத்தில் தனியாகச் சொல்ல வேண்டும்: டெங்கு. 2017 இல் கிண்ணியா பட்ட பாடு தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். காய்ச்சல் நாட்களில் இரத்தத் தட்டுகள் இறங்கினால் சொட்டாக இருந்த போக்குச் சடுதியாகக் கூடும். காய்ச்சலோடு போக்கு வந்தால் கீழே சொல்லும் மெஃபனமிக் அசிட், இபுபுரோஃபென் எதுவும் கூடாது, அஸ்பிரினும் கூடாது. காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும், அன்றே இரத்தப் பரிசோதனை.

உதவும் மருந்துகள், உதவுவதன் காரணம்

எங்கள் கணிப்பில் முதலில் முயல வேண்டியது மெஃபனமிக் அசிட். 500 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு தடவை, சாப்பாட்டுக்குப் பிறகு, 5 நாள். போக்குத் தொடங்கிய அன்றே தொடங்குங்கள். உட்சுவரில் சுரக்கும் புரோஸ்டகிளாண்டின்களில் சில நுண்குழாய்களை விரித்து வைத்திருக்கின்றன. இந்தக் குளிசை அவற்றைக் குறைக்கிறது. ஜடெல் வைத்தவர்களுக்கு இபுபுரோஃபென் 800 மில்லிகிராம் மூன்று வேளையும் 5 நாளைக்குக் கொடுப்பதும் உண்டு. அது கூடிய அளவு, வைத்தியர் எழுதித்தான் எடுக்க வேண்டும். வயிற்றுப்புண், சிறுநீரக நோய், இந்தவகைக் குளிசைக்கு இழுப்பு வந்தவர்கள் இரண்டையும் தொடக் கூடாது. வெறும் வயிற்றில் எடுத்து நெஞ்செரிவு வந்து இரண்டாம் நாளே விடுவதுதான் வழமையாக நடக்கும் பிழை.

அது சரிவராவிட்டால் ஈஸ்ட்ரோஜன் கலந்த குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை: 30 மைக்ரோகிராம் எதினைல் ஈஸ்ட்ரடையோலும் லெவொனொர்ஜெஸ்ட்ரலும் சேர்ந்தது, நாளுக்கு ஒன்றாக 21 நாள். குழாய்கள் மெலிந்திருக்கும் இடத்தில் குறைவாக இருப்பது ஈஸ்ட்ரோஜன்தான்; அதைக் கொடுத்தால் மேற்தோல் தடித்துக் கசியும் இடங்களை மூடும். பக்கெட்டில் மீதி 7 கபிலக் குளிசைகள் இருந்தால் அவை இரும்புச்சத்து. இந்த 21 இல் சேராது. முடித்த பிறகு கறை திரும்பவும் வரலாம் என்று முன்கூட்டியே தெரிந்திருங்கள். பாலூட்டும் தாய்க்குக் குழந்தை 6 மாதம் ஆகும் முன்பும், இரத்த அழுத்தம் 140/90 ஐத் தொட்டவர்களுக்கும், காலிலோ நெஞ்சிலோ இரத்தக்கட்டி வந்தவர்களுக்கும், கண்ணில் மின்னலடித்துத் தொடங்கும் ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் இது கூடாது. பிரஷர் பார்க்காமல் யாரும் கொடுத்தால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ட்ரனெக்சாமிக் அசிட் குழாயை வளர்ப்பதோ இறுக்குவதோ இல்லை. கசிவை அடைத்த கட்டி முன்னதாகவே கரைந்துபோவதைத் தடுக்கிறது. கூடுதலாக வரும் நாட்களுக்கு நல்லது, வழமையாக 5 நாளுக்கு மேல் இல்லை. இரத்தக்கட்டி வந்தவர்களுக்குக் கூடாது. அளவை வைத்தியர் எழுத வேண்டும்.

கலியாணத்துக்கும் கோயிலுக்கும் நாள் தள்ளிப்போடவென்று பார்மசியில் வாங்கும் நொரெதிஸ்டரோனை இதற்கு நீங்களாக எடுக்க வேண்டாம். ஊசியில் இருப்பதும் அதே குடும்பத்து மருந்துதான். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் போக்குத் திரும்பவும் தொடங்கலாம், கொப்பியும் குழம்பும். ஊசியை முன்தள்ளிப் போட்டால் நிற்கும் என்பதற்கும் நல்ல ஆதாரம் இல்லை. நல்லெண்ணெய் வைத்து முழுகுவது, வெந்தயம், மோர் எல்லாம் உடம்புக்கு இதமாக இருக்கும், கெடுதியில்லை. ஆனால் கசியும் குழாயை அவை மூடாது. அவற்றை நம்பி மாதங்களைக் கடத்த வேண்டாம்.

இரத்தம் குறைந்தால்

எச்.பி. 12 க்குக் கீழே போனால் இரத்தச்சோகை. 8 க்குக் கீழே என்றால் அன்றே வைத்தியரிடம். ஃபெரஸ் சல்பேட் 200 மில்லிகிராம் குளிசையில் இருக்கும் இரும்பு மட்டும் 60 மில்லிகிராம் அளவு. படுக்கைக்குப் போகும்போது, தேசிக்காய்த் தண்ணியோடு எடுங்கள். தேத்தண்ணிக்கும் அதற்கும் இரண்டு மணித்தியால இடைவெளி வேண்டும். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்கும் பழக்கம் எங்கள் வீடுகளில் சாப்பாட்டின் இரும்பையும் வீணாக்குகிறது. கல்சியம் குளிசையை வேறு நேரத்துக்கு மாற்றுங்கள். வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் விடாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுங்கள். உறிஞ்சப்படுவது அதில் குறைவில்லை. மலம் கறுப்பாகப் போவது இரும்பால்தான், பயப்படத் தேவையில்லை. எச்.பி. சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். களஞ்சியம் நிரம்புவது அதற்குப் பிறகுதான். கறிக்குச் சூரை, நெத்தலி, மட்டி, ஈரல் கிடைக்கும் நாளில் விடாதீர்கள். முருங்கையிலையின் இரும்பு மீனின் இரும்பைப்போல் இலகுவாகச் சேராது, தேசிப்புளி சேர்த்தால் கூடும்.

உடனே போக வேண்டிய நிலைகள்

மணித்தியாலத்துக்கு ஒரு பேட் முழுக்க ஊறுவது இரண்டு மணித்தியாலம் தொடர்ந்தால், எழும்பும்போது கண் இருட்டினால், நெஞ்சு படபடத்து மூச்சிழுத்தால், கடும் வயிற்றுவலி வந்தால் 1990 க்கு அழையுங்கள், அம்புலன்சுக்குக் காசில்லை. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலை, கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளில் கிட்டியது எதுவோ அங்கே. வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கத்தில் இருப்பவர்கள் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஊசிக் கார்ட்டையும் கொப்பியையும் கொண்டுபோங்கள். எந்த மருந்து, எந்தத் தேதி என்று தெரியாமல் இரவு வார்ட்டில் நிற்கும் வைத்தியர் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

அவசரமில்லாவிட்டாலும் 40 ஐத் தாண்டியவர்களுக்கு, அல்லது குளிசை முடித்தும் மூன்று மாதமாக நிற்காதவர்களுக்கு, வி.ஓ.ஜி. (பெண்நோயியல் விசேட வைத்தியர்) கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். ஸ்கேனில் சுவர் மெலிந்திருந்தால் ஊசியின் குழாய்கள்தான் காரணம் என்ற எண்ணம் பலப்படும். தடித்திருந்தால், அல்லது பொலிப், பைப்ரொயிட் போன்ற சதைவளர்ச்சி தெரிந்தால், கதை வேறு. சுவரின் சிறுதுண்டை எடுத்துப் பார்க்க வேண்டி வரலாம்.

மாற்ற நினைத்தால்

எல்லாம் செய்தும் தாங்க முடியாவிட்டால் மாற்றுவது உங்கள் உரிமை. அதற்குச் சம்மதம் வாங்க வேண்டியதில்லை. ஜடெலை எந்த நாளிலும் எடுக்கலாம், ஆனால் பயின்ற கைதான் எடுக்க வேண்டும். எடுத்த சில நாட்களிலேயே மருந்து இரத்தத்திலிருந்து போய்விடும். அன்றே வேறு முறை தேவை. ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. அடுத்ததைப் போடாமல் விட்டாலும் பழையது கரைந்து முடிய மாதங்கள் செல்லும், அதுவரை கறையும் தொடரலாம். குழந்தை வேண்டும் என்பவர்கள் இதை முன்பே கணக்கில் எடுங்கள்: மற்ற முறைகளை விட்டவர்களைவிடச் சராசரியாக 4 மாதம் கூடச் செல்லும். வேண்டாம் என்பவர்கள் அந்த இடைவெளியை நம்ப வேண்டாம். அடுத்த ஊசிக்கு வரவேண்டிய தேதியிலேயே ஆணுறையோ கருப்பைக்குள் வைக்கும் லூப்போ தொடங்கியிருக்க வேண்டும். செப்பு லூப்பில் ஹோர்மோன் இல்லை என்பதால் பழைய மாத ஒழுங்கு மெல்லத் திரும்பும், ஆனால் போக்கின் அளவு கூடும், எச்.பி. குறைந்தவர்கள் அதை ஏற்றிவிட்டு வைப்பது நல்லது.